நட் டிரைவர் வாங்கலாமா, சாக்கெட்டே போதுமா?

நட் டிரைவர் என்பது நுனியில் நட்டைக் கவ்வும் அறுகோணக் குழி உள்ள, ஸ்க்ரூ டிரைவர் போன்ற கருவி. சாக்கெட் என்பது தனிக் கைப்பிடியில் மாட்டி நட்டைத் திருப்பும் குட்டிக் குழல். சாக்கெட் செட் ஏற்கெனவே இருக்கிறது என்றால், பத்துப் பன்னிரண்டு உருப்படி கொண்ட நட் டிரைவர் செட்டுக்குப் பணம் போட வேண்டாம். 5.5, 7, 8, 10 மி.மீ. என்று நான்கை மட்டும் தனித்தனியாக, நல்ல தரத்தில் வாங்குங்கள். அந்த நான்கும் அவசியம் வேண்டும். எம்3 நட்டுக்கு (3 மி.மீ. பருமனுள்ள போல்ட்டுக்கானது) 5.5, எம்4க்கு 7, எம்5க்கு 8, எம்6க்கு 10 என்பதுதான் கணக்கு. வீட்டுச் சாதனங்கள், மின்பெட்டிகள், சிறு இயந்திரங்கள் ஆகியவற்றைத் திறந்தால் பெரும்பாலும் இவைதான் கண்ணில் படும். கணினி மதர்போர்டைத் தாங்கும் பித்தளைத் தூண்கள் சிலவற்றுக்கு 5 மி.மீ. தேவைப்படும், அந்த வேலை செய்பவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

நட் டிரைவரின் பெரிய பலம் அதன் தண்டு உள்ளே குழலாக இருப்பது. நீளமான போல்ட்டில் நட் பாதி தூரம் இறங்கி நிற்கிறது, அதற்கு மேல் 40 மி.மீ. மரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். 1/4 அங்குல டிரைவின் (கைப்பிடி மாட்டும் சதுரத் துளையின் அளவு இது) சாதாரண சாக்கெட் மொத்தமே 25 மி.மீ. அளவுதான். நட்டைத் தொடும் முன்பே போல்ட் நுனி உள்ளே முட்டி நின்றுவிடும். ஆழமான சாக்கெட் 50 மி.மீ. இருக்கும், அதிலும் ஒரு பகுதி சதுர டிரைவுக்குப் போய்விடும். குழல் தண்டு உள்ள நட் டிரைவர் போல்ட்டை விழுங்கிக்கொண்டே கீழே இறங்கும். வாங்கும்போது இதைச் சோதித்தே ஆகவேண்டும். ‘ஹாலோ’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் சிலவற்றில் குழி 20, 30 மி.மீ.யோடு முடிந்துவிடுகிறது. ஒரு கம்பியை உள்ளே விட்டு ஆழத்தை அளந்து பாருங்கள்.

அடுத்தது பருமன். 5.5 மி.மீ. சாக்கெட்டின் வாய் ஒல்லியாக இருந்தாலும், பின்பக்கம் 6.35 மி.மீ. சதுரத் துளைக்கு இடம் வேண்டும் என்பதால் 12 மி.மீ. அளவுக்குத் தடித்திருக்கும். பிளாஸ்டிக் மூடியில் ஆழமான குறுகிய குழிக்குள் நட் உட்கார்ந்திருந்தால், அந்தத் தடித்த இடம் விளிம்பில் இடித்து சாக்கெட் கீழே போகாது. நட் டிரைவரின் தண்டு நுனி வரை ஒரே ஒல்லியாகப் போவதால் இந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்டென்ஷன் (நீட்டிப்புத் தண்டு) மாட்டிய சாக்கெட்டில் இரண்டு மூன்று இணைப்புகளில் ஆட்டம் இருக்கும். சிறு நட்டை மரையில் நேராகப் பிடித்து ஏற்றும்போது அந்த ஆட்டம்தான் கோணல் மரை விழக் காரணமாகிறது. ஒரே தண்டில் இருக்கும் கருவியில் மரை சரியாகப் பிடித்ததா என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

ராட்செட் (ஒரு பக்கம் நட்டைத் திருப்பி, மறு பக்கம் சும்மா திரும்பி வரும் சாக்கெட் கைப்பிடி) பிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ராட்செட் வேலை செய்ய, நட்டில் கொஞ்சமாவது இறுக்கம் இருக்கவேண்டும். நட் லேசாகச் சுழலும் நிலையில் கைப்பிடியைப் பின்னால் திருப்பினால் நட்டும் கூடவே பின்னால் வரும். முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று என்று நட் இருந்த இடத்திலேயே நிற்கும். 20 சுற்று சுற்ற வேண்டிய சிறு நட்டுக்கு நட் டிரைவரே வேகமானது.

இனி அதன் எல்லை. வலுத்தரம் 8.8 (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்) உள்ள போல்ட்டை முறையாக இறுக்க எம்4க்கு ஏறக்குறைய 3 நியூட்டன் மீட்டர் (திருகு விசையின் அலகு), எம்5க்கு 6, எம்6க்கு 10, எம்8க்கு 25 வேண்டும். 32 மி.மீ. பருமனுள்ள கைப்பிடியில் 10 நியூட்டன் மீட்டர் வர, அதன் விளிம்பில் 60 கிலோவுக்கு மேல் அழுத்தம் கொடுத்துத் திருக வேண்டும். உள்ளங்கை வழுக்கிவிடும். அதே 10ஐ, 13 செ.மீ. தள்ளிப் பிடிக்கும் ராட்செட்டில் 8 கிலோ இழுப்பு கொடுத்துவிடும். ஆகவே எம்5 வரை நட் டிரைவரே இறுக்கி முடிக்கும். எம்6ஐ ஓட்டி உட்கார வைக்கலாம், கடைசி இறுக்கம் ராட்செட்டின் வேலை. துருப்பிடித்த நட்டைக் கழற்றவும் அப்படியே: முதல் அசைவுக்கு ராட்செட், பிறகு நட் டிரைவர். சில நட் டிரைவர்களில் கைப்பிடிக்கு அருகே தண்டில் அறுகோணப் பகுதி இருக்கும். அங்கே ஸ்பானர் மாட்டித் திருப்பலாம். கூடுதல் காசு கொடுத்தாலும் தகும்.

ஒரே ஒரு நட் டிரைவர்தான் வாங்க முடியும் என்றால், ஹோஸ் கிளாம்பை (ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பட்டையை) நினைத்து வாங்குங்கள். கிளாம்ப் ஸ்க்ரூவில் தட்டை டிரைவரை வைத்து அழுத்தினால் வழுக்கி ரப்பர் குழாயையோ கையையோ குத்தும். அதன் அறுகோணத் தலையை நட் டிரைவர் சுற்றிப் பிடிப்பதால் வழுக்கவே வழி இல்லை. பல கிளாம்ப்கள் 7 மி.மீ., வேறு பல 8 மி.மீ. அல்லது 5/16 அங்குலம். வளையும் தண்டுள்ள 7 மி.மீ. டிரைவர், எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கிளாம்புக்கென்றே செய்தது போல இருக்கும். விறைப்பான வேலைக்கு அது ஆகாது. தண்டு முறுக்கேறி விசையைத் தின்றுவிடும்.

அங்குல அளவு, மி.மீ. அளவு குழப்பத்தில்தான் நட்டுகளின் மூலை மழுங்குகிறது. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ.; 8 மி.மீ. டிரைவர் தாராளமாகப் பொருந்தும். 1/4 அங்குலம் 6.35 மி.மீ. அதற்கு 6 நுழையாது, 7 போட்டால் மூலை உருண்டுவிடும். கணினிப் பெட்டிகளின் அறுகோண ஸ்க்ரூக்கள் பல இந்த 1/4 அங்குலம்தான். 3/8 அங்குலம் 9.53 மி.மீ. என்பதால் 10ஐயும் அதில் போடாதீர்கள்.

காந்தம் வைத்தது வேண்டுமா? கூரைத் தகட்டில் ஸ்க்ரூ அடிப்பவருக்குக் கட்டாயம் வேண்டும், மற்றவர்களுக்கு வேண்டாம். காந்தம் உள்ளே உட்கார்ந்தால் போல்ட் உள்ளே போக வழி இல்லை. குழல் தண்டின் பயனே போய்விடும். துளையிடும்போது வரும் இரும்புத்தூள் குழிக்குள் ஒட்டி, ஸ்க்ரூ தலை முழுதாக இறங்காமல் நிற்கும். மேலோட்டமாகப் பிடித்துச் சுழற்றினால் தலையும் போகும், குழியின் விளிம்பும் போகும். பத்துப் பதினைந்து ஸ்க்ரூவுக்கு ஒருமுறை துடைத்தாக வேண்டும்.

குழியின் வாய் விளிம்பையும் பாருங்கள். மலிவானவற்றில் அது அகலமாகச் சரிவு வெட்டியிருக்கும். சாதாரண எம்3 நட்டின் உயரம் 2.4 மி.மீ., மெல்லிய ரகம் 1.8 மி.மீ. சரிவுக்கே ஒரு மி.மீ. போய்விட்டால் பிடிக்க மிஞ்சுவது என்ன? ஒரு மெல்லிய நட்டைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துப் பார்ப்பதே நல்ல சோதனை.

“சாக்கெட்டுக்கு ஸ்க்ரூ டிரைவர் மாதிரி ஒரு கைப்பிடி வாங்கினால் போதாதா?” என்ற கேள்வி நியாயமானது. 1/4 அங்குல ஸ்பின்னர் கைப்பிடி வேகத்தையும் கை உணர்வையும் தந்துவிடும். குழல் ஆழமும் ஒல்லியான உடலும் கிடைக்காது. நீண்ட போல்ட்டோ ஆழமான குழியோ உங்கள் வேலையில் வருவதே இல்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரே கைப்பிடியில் தண்டு மாற்றும் செட்டுகளிலும் குழல் ஆழம் குறைவு.

மின்பெட்டிக்கு வாங்குபவர்கள் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இரட்டை முக்கோணச் சின்னமும் பொறித்ததையே கேளுங்கள். கைப்பிடி பிளாஸ்டிக் என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. தண்டு முழுவதும் காப்பு ஓடியிருக்க வேண்டும். அந்த உறையால் தண்டு கொஞ்சம் தடிக்கும், குறுகிய குழிக்குள் போகாமலும் போகலாம். போகவில்லை என்பதற்காக உறையைச் சீவிவிடாதீர்கள். உறையில் வெட்டு விழுந்தால் அந்த டிரைவரை மின்வேலையிலிருந்து அன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள்.