தெகிவளை மிருக வைத்திய நிலையம்: இனத்தை ஊகித்து எழுதாத வைத்தியர்

என் நாய் மணிக்கு நான்கு வயது. கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் மழையில் நனைந்து கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தேன். தாய் தெருநாய், தகப்பன் எதுவென்று யாருக்கும் தெரியாது. வளர வளர அகன்ற தலை, தடித்த கழுத்து, புலிவரி ரோமம். முன்பு போய்வந்த இடத்தில் அதைப் பார்த்துவிட்டுத் தடுப்பூசி அட்டையில் ‘பிட்புல்’ என்று எழுதிவிட்டார்கள். ஆபத்தான நாய் என்று பலர் அஞ்சும் வகை அது. அந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாய்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்று அட்டையைக் கண்டதும் மறுத்துவிட்டது. மணியை விட்டுச்செல்ல இடமில்லாமல் இரண்டு வருடம் யாழ்ப்பாணத்துக்கு, நல்லூர்த் தேருக்குப் போகவில்லை.

தெகிவளையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது இந்தச் சிறிய நிலையம். வைத்தியர் ஓர் இளம் பெண். மணியை மேசையில் ஏற்றச் சொல்லாமல் தானே தரையில் அமர்ந்தார். அவன் வந்து மோந்து பார்க்கும்வரை கையை நீட்டவில்லை. பல், காது, மூட்டு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு அட்டையைப் புரட்டினார்.

“ஐயா, இதை எழுதியவர்கள் தாய் தகப்பனைப் பார்த்தார்களா?”

“இல்லை. ஆனால் தலையைப் பார்த்தாலே தெரியாதா?”

தெரியாது என்றார். பிட்புல் என்பது ஒரே இனத்தின் பெயரல்ல. அமெரிக்கன் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர் முதலிய சில இனங்களையும், அவற்றின் சாயலுள்ள கலப்பு நாய்களையும் சேர்த்து மக்கள் அப்படி அழைக்கிறார்கள். அந்த நாய்களின் தாடை கடித்ததும் பூட்டிக்கொள்ளும் என்பதும் பொய். எந்த நாயின் தாடையிலும் பூட்டு இல்லை. வெளியே ஆள்கள் காத்திருக்க, இதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். அமெரிக்காவின் புளோரிடாவில் நான்கு காப்பகங்களில் 120 நாய்களின் மரபணுவைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. பிட்புல் வகை மரபு சிறிதும் இல்லாத நாய்களில் மூன்றில் ஒன்றை, அங்கு வேலை செய்தவர்களில் ஒருவராவது அந்த வகை என்று சொல்லியிருக்கிறார். நாள்தோறும் நாய்களோடு பழகுகிறவர்களின் கண்ணே இப்படித் தவறுகிறது.

புதிய அட்டையில் ‘கலப்பினம், ஆண், புலிவரி’ என்று எழுதினார். அதற்காக மணி எதுவும் செய்யமாட்டான் என்று எனக்கு இனிப்பாகச் சொல்லி அனுப்பவில்லை. “பலமான நாய், ஐயா. கயிறில்லாமல் வீதியில் விடாதீர்கள். சாப்பிடும்போது பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். எந்த நாய்க்கும் இதைத்தான் சொல்வேன்.” இந்த நேர்மைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

குறைகளும் உண்டு. காத்திருக்க இரண்டே வாங்கு. பூனையும் நாயும் ஒரே அறையில். சனிக்கிழமை போய் ஒன்றரை மணி நேரம் நின்றேன், வார நாள் மாலையில் கூட்டம் குறைவு. வாகனம் நிறுத்த இடமில்லை, முச்சக்கர வண்டியில் போவதே வசதி. பார்வைக் கட்டணம் 2,000 ரூபாய், ஊசிக்குத் தனி.

விடுதிக்காரர் புதிய அட்டையைக் கண்டும் தயங்கினார். வைத்தியரே தொலைபேசியில் அவரோடு பேசினார். இம்முறை மணியை நான்கு நாள் அங்கே விட்டுவிட்டு நல்லூர்த் தேருக்குப் போய்வந்தேன்.