வீட்டில் ஒருவருக்கு டிபி: தினமும் ஆறு மாதமா, வாரம் ஒருமுறை மூன்று மாதமா?

மாமனாருக்குச் சளிப் பரிசோதனையில் டிபி உறுதியான கையோடு வீட்டில் இருந்த மற்ற எல்லோரையும் வரச் சொல்லி, எக்ஸ்ரே எடுத்து, இருமல், காய்ச்சல், எடை குறைவு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, தடுப்பு மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று ஐசோனியாசிட் மட்டும், தினமும், ஆறு மாதம். இதை 6எச் என்கிறார்கள். இன்னொன்று ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரத்துக்கு ஒரே ஒருமுறை, பன்னிரண்டு வாரம், அது 3எச்பி. கடைசியில் எங்கள் வீட்டிலேயே இரண்டும் நடந்தன. நான், கணவர், கொழுந்தன் மூன்று பேரும் 3எச்பி. மாமியார், ஓர்ப்படி, அவளுடைய ஒன்றரை வயதுப் பையன் மூவரும் 6எச். நான் 3எச்பி பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது எல்லோருக்கும் ஆகாது.

நோயே இல்லாதவர் எதற்கு மாத்திரை விழுங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று சொல்லலாம். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி மையம் 1950களில் ஒரு சோதனை நடத்தியது. நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்தும் பாதிப் பேரை வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்த நோயாளியின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் போனவரின் குடும்பத்தாரைவிட அதிகமாக டிபி வரவில்லை. வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று உலகம் முழுக்கக் கொள்கை மாறியதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் அதற்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கூட இருப்பவர்களுக்குத் தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றி முடிந்துவிடுகிறது. மாமனாருக்குத் தனி அறை, தனித் தட்டு, தனி டம்ளர் என்று நாங்கள் செய்ததெல்லாம் அந்த வகையில் தாமதம்தான். உள்ளே போன கிருமி பலருக்கு ஆயுள் முழுக்கத் தூங்கும், நூறில் ஐந்து முதல் பத்து பேருக்கு நோயாக வெளியே வரும், அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். அந்தத் தூங்கும் கிருமியைத் தீர்ப்பதற்குத்தான் இந்த மாத்திரை.

விலையைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. அரசுத் திட்டத்தில் இரண்டுமே இலவசம். மாத்திரை எண்ணிக்கையும் பெரிய விஷயம் இல்லை. தனித்தனி மாத்திரையாக வந்தால் 3எச்பிக்கு ஒரே வேளையில் ஒன்பது விழுங்க வேண்டும், கூட வைட்டமின் பி6 வேறு. இரண்டு மருந்தையும் ஒன்றாகச் சேர்த்த மாத்திரை கிடைத்தால் பெரியவர்களுக்கு மூன்றோடு முடிந்துவிடும். பலனில் எது உசத்தி என்று பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. 2011இல் வெளியான பெரிய சோதனை அமெரிக்கா, கனடா, பிரேசில், ஸ்பெயின் நாடுகளில் 7,731 பேரிடம் நடந்தது. 3எச்பி எடுத்தவர்களில் 7 பேருக்கும், ஒன்பது மாதம் ஐசோனியாசிட் எடுத்தவர்களில் 15 பேருக்கும் டிபி வந்தது. இதை வைத்து 3எச்பி இரண்டு மடங்கு நல்லது என்று சொல்லிவிடக் கூடாது. பழையதற்குக் குறைந்தது இல்லை என்பதுவரைதான் அந்தச் சோதனை உறுதியாகச் சொன்னது.

அப்புறம் எதை வைத்து முடிவு செய்வது? முடிப்பதை வைத்துத்தான். வேறு எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் சுமார் 28,000 பேரிடம் நடந்து 1982இல் முடிவு வெளியான ஒரு பழைய சோதனை இருக்கிறது. எக்ஸ்ரேயில் பழைய டிபி தழும்பு இருந்தவர்களுக்கு ஐசோனியாசிட் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு ஆறு, சிலருக்குப் பன்னிரண்டு. மூன்று மாதம் கொடுத்தவர்களிடம் டிபி 21 சதவீதம்தான் குறைந்தது. ஆறு மாதத்துக்கு 65, ஒரு வருடத்துக்கு 75. அதாவது 6எச் எடுப்பவர் பாதியில் விட்டால் பாதிப் பலன் கூடக் கிடைக்காது, மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். இது தெரியாமல்தான் "மூணு மாசம் சாப்பிட்டாச்சே, போதும்" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். 3எச்பியில் அதே மூன்று மாதத்தில் முழு வேலையும் முடிகிறது. காரணம் ரிஃபாபென்டின். அது டிபி மருந்துகளில் எல்லோருக்கும் தெரிந்த ரிஃபாம்பிசினின் தம்பி மாதிரி, உடம்பில் ரொம்ப நேரம் தங்கும், சோம்பிக் கிடக்கும் கிருமியையும் விடாது. அதனால்தான் வாரம் ஒருமுறை போதுமாகிறது.

சரி, மக்கள் நிஜமாகவே முடிக்கிறார்களா? 2011 சோதனையில் 3எச்பியை முடித்தவர்கள் 82 சதவீதம், ஒன்பது மாத ஐசோனியாசிடை முடித்தவர்கள் 69 சதவீதம். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. 3எச்பி குழுவினருக்கு ஒவ்வொரு வாரமும் ஒருவர் எதிரே நின்று மாத்திரை கொடுத்தார், மற்றவர்கள் வீட்டில் தாங்களாகவே போட்டுக்கொண்டார்கள். ஆளை நிற்கவைத்தால் யாரும்தான் முடிப்பார்கள். பின்னால் 2017இல் வந்த இன்னொரு சோதனை அதையே தனியாக ஆராய்ந்தது. 3எச்பியை எதிரே நின்று கொடுத்தால் 87 சதவீதம் முடித்தார்கள், வீட்டில் தானாக எடுக்கவிட்டால் 74 சதவீதம். குறுஞ்செய்தி அனுப்பி நினைவுபடுத்தியும் 76தான். இந்த எண்களைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் சுருதி இறங்கியது என்பது உண்மை. ஆனால் எதிர்ப்பக்கம் 6எச்சின் நிலை என்ன என்று பாருங்கள். தென்னாப்பிரிக்கா, எத்தியோப்பியா, மொசாம்பிக் நாடுகளில் எச்ஐவி உள்ளவர்களிடம் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த சோதனையில் 3எச்பியை முடித்தவர்கள் 90 சதவீதம், 6எச்சை முடித்தவர்கள் 50 சதவீதம். இரண்டில் ஒருவர்! எச்ஐவி உள்ளவர்களின் சூழல் வேறு, தினமும் வேறு மாத்திரைகளும் எடுப்பவர்கள், அந்த எண்ணை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு.

எங்கள் வீட்டிலும் அதைத்தான் பார்த்தேன். மாமியார் ஏற்கெனவே காலை மாலை மாத்திரை போடுகிறவர், அந்த டப்பாவில் இன்னொன்று சேர்ந்ததே அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை, ஒருநாள் விடவில்லை. ஓர்ப்படி நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பால்குடிக்கும் குழந்தையைப் பார்க்கும் களைப்பு, நடுவில் அம்மா வீட்டுக்குப் போய் வந்தது, ஒரு கல்யாணம், இப்படி மூன்றாவது மாதத்திலிருந்து பட்டையில் மாத்திரை மிச்சமாகத் தொடங்கியது. இருமல் இல்லை, சளி இல்லை, உடம்பில் ஒன்றுமே இல்லாதபோது தினமும் ஒரு மாத்திரையை நினைவில் வைத்திருப்பது சுலபமில்லை. விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்து முடிக்கவைத்தார்கள்.

நாங்கள் மூன்று பேரும் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றாகப் போட்டுக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். ஒருவர் மறந்தால் இன்னொருவர் நினைவுபடுத்துவார், எதிரே நின்று கொடுக்கும் ஆள் வேலையை அதுவே செய்துவிடுகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றதற்கும் காரணம் உண்டு, ரிஃபாபென்டின் வெறும் வயிற்றைவிட உணவோடு நன்றாகச் சேரும். ஐசோனியாசிட் மட்டும் என்றால் வெறும் வயிறுதான் நல்லது, ஆனால் ஓர்ப்படிக்கு அப்படிப் போட்டால் குமட்டியது, பிறகு சாப்பிட்டுவிட்டே போட்டாள். 3எச்பியில் ஒரு வாரம் விட்டால் பன்னிரண்டில் ஒன்று போனது போல, ஆகவே அதில் ஒருமுறை மறப்பது 6எச்சில் ஒருநாள் மறப்பதைவிடக் கனமானது. பதினாறு வாரத்துக்குள் பதினொரு வேளையாவது எடுத்திருந்தால் முடித்ததாகக் கணக்கு. இரண்டு வேளைகளை நெருக்கிப் போட்டுச் சரிக்கட்டக் கூடாது, நடுவில் குறைந்தது மூன்று நாள் வேண்டும்.

இனி 3எச்பியின் கஷ்டம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், கண்ணீர், வியர்வைகூட நிறம் மாறலாம், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு லென்ஸில் கறை பிடிக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் என்று நினைத்து அலறிவிடுவீர்கள். நிஜத் தொந்தரவு காய்ச்சல் மாதிரியான உடல்வலிதான். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் தலைவலி, குளிர், கைகால் குடைச்சல், மறுநாளுக்குள் சரியாகிவிடும். என் கணவருக்கு ஒன்றுமே இல்லை, எனக்குச் சில வாரம் நன்றாகவே இருந்தது. சனிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் முதல் காரணம், ஞாயிறு படுத்துக்கிடந்தால் கேட்பாரில்லை. (கொழுந்தனுக்குத்தான் வருத்தம். இந்த மாத்திரைகளோடு மது கூடாது என்று டாக்டர் அழுத்திச் சொல்லிவிட்டார்.) மயக்கம், மூச்சுத் திணறல், முகவீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு என்று வந்தால் அது வேறு கதை, அடுத்த வேளையைப் போடாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். 2011 சோதனையில் இப்படி ஒவ்வாமையாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டது 3எச்பியில் 3.8 சதவீதம், ஐசோனியாசிடில் 0.5.

ஆனால் கல்லீரல் பாதிப்பு நேர்மாறு: 3எச்பியில் 0.4 சதவீதம், ஒன்பது மாத ஐசோனியாசிடில் 2.7. எனக்கு இது முக்கியமாகப் பட்டது. உடல்வலி ஒருநாளில் போகும், கல்லீரல் விஷயம் அப்படி இல்லை. எதை எடுத்தாலும் கண் மஞ்சளானால், சாப்பாடு பிடிக்காமல் தொடர்ந்து வாந்தி வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டுப் போய்க் காட்ட வேண்டும். கை கால் மரத்துப்போகாமல் இருக்கத்தான் பி6, அதைச் சத்து மாத்திரைதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். மீன் பிரியர்களுக்கு ஒரு தகவல்: ஐசோனியாசிட் எடுக்கும்போது சூரை மாதிரி மீன் சாப்பிட்டுச் சிலருக்கு முகம் சிவந்து, தலை இடித்து, படபடப்பு வந்திருக்கிறது. மீனில் சேரும் ஹிஸ்டமினை உடம்பு உடைப்பதை அந்த மருந்து தடுப்பதால் வருவது.

3எச்பி ஆகாதவர்களுக்கும் கொடுக்கலாம் என்பதுதான் 6எச்சுக்கு இருக்கும் பெரிய பலம். ரிஃபாபென்டின் கல்லீரலை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளை வேகமாக வெளியேற்ற வைக்கிறது. மாமியாருக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறார். 3எச்பி கொடுத்தால் வார்ஃபரின் வேலை செய்யாமல் போகும், அளவைக் கூட்ட வேண்டும், முடிந்ததும் மறுபடி குறைக்க வேண்டும், நடுவில் தவறினால் ஆபத்து. அதனால் 6எச் கொடுத்து, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டார்கள். கருத்தடை மாத்திரையும் இப்படியே பலனிழக்கும், அந்த மூன்று மாதம் வேறு வழி வேண்டும். சில சர்க்கரை மாத்திரைகள், சில பிரஷர் மாத்திரைகள், எச்ஐவி மருந்துகளில் சில, எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் எடுப்பவர்களுக்கு ஐசோனியாசிடே அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் இரண்டிலுமே கவனம் தேவை. கர்ப்பிணிகளுக்கு 3எச்பி கொடுப்பதில்லை. பால் கொடுப்பவர்களிடம் ரிஃபாபென்டின் பற்றிய தரவு குறைவு என்று சொல்லித்தான் ஓர்ப்படிக்கு 6எச் கொடுத்தார்கள். எங்கள் பையன் மாதிரி இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அப்போது 6எச்தான் வழி. குழந்தைக்கு மருந்து கொடுத்த பாட்டை ஓர்ப்படிதான் எழுத வேண்டும், நான் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

வேறு வழிகளும் இருக்கின்றன. நான்கு மாதம் தினமும் ரிஃபாம்பிசின், ஒரு மாதம் தினமும் ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும். ஒரு மாத முறை எச்ஐவி உள்ள 3,000 பேரிடம் சோதிக்கப்பட்டு 2019இல் நல்ல முடிவு வந்தது. இவற்றை எடுத்த யாரையும் எனக்குத் தெரியாது, எங்களுக்குக் கொடுக்கவும் இல்லை.

டிபி மாத்திரை இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இந்தியாவிலேயே கண்ட முடிவு. ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் குடும்பத்தினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும், கூடவே சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: குடும்பத்தில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது, தொற்றக்கூடிய நுரையீரல் டிபி மட்டும் என்றால் 48 சதவீதம். அரிசி, பருப்பு, சத்து மாத்திரை, அவ்வளவுதான்! மாத்திரைக்குப் பதில் சாப்பாடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எடை குறைந்த ஆட்கள் வீட்டில் இருந்தால், எந்த மாத்திரை என்ற விவாதத்தைவிடத் தட்டில் என்ன இருக்கிறது என்பதற்கு முதலில் கவனம் போகலாம்.

இதெல்லாம் மாமனாருடைய கிருமி சாதாரண மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்பதால்தான் பொருந்தும். அவருடைய சளியில் ரிஃபாம்பிசினுக்கும் ஐசோனியாசிடுக்கும் எதிர்ப்பு இல்லை என்று முடிவு வந்த பிறகே எங்களுக்கு மாத்திரை தொடங்கியது. இரண்டுக்கும் எதிர்ப்பு இருந்திருந்தால் 6எச், 3எச்பி இரண்டுமே வீண். அப்படிப்பட்ட வீடுகளுக்குத் தினமும் லெவோஃப்ளாக்சசின், ஆறு மாதம் என்று ஒரு வழி வந்திருக்கிறது. வியட்நாமிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த இரண்டு சோதனைகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே அறுதியாகச் சொல்லும் அளவுக்கு வலுவில்லை, சேர்த்துப் பார்த்தால் டிபி சுமார் 60 சதவீதம் குறைகிறது. வியட்நாமில் அந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு மூட்டுவலி, தசைநாண் வலி கூடுதலாக இருந்தது. அந்த நிலைமையில் இருப்பவர்கள் எங்கள் அனுபவத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நோயாளியின் எதிர்ப்புப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு டாக்டரிடம் பேசுங்கள்.