திங்க்பேட் டி480: கூடுதல் விலை எதற்குப் போகிறது?

விலை கூடினால் மடிக்கணினியின் ஆயுளும் கூடுமா என்பதை அறிய, லெனோவோ நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்று திங்க்பேட் வரிசை மடிக்கணினிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மூன்றிலும் இன்டெலின் எட்டாம் தலைமுறைச் செயலிகள். மூன்றுக்கும் 14 அங்குலத் திரை. விலை குறைந்தது டி480, ஏறத்தாழ 1.6 கிலோ எடையுள்ள சற்றே தடித்த கருப்புக் கணினி. மெலிந்த டி480எஸ் அதைவிட விலை கூடியது, 1.13 கிலோ எடை மட்டுமே உள்ள எக்ஸ்1 கார்பன் அதற்கும் மேல்.

அடிமூடியைத் திறந்து, பாகங்களை மாற்றுவது எவ்வளவு எளிது என்று பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. டி480இல் ராம் (தற்காலிக நினைவகம்) செருக இரண்டு இடங்கள் உள்ளன. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியையும் விசைப்பலகையையும் தனித்தனியே மாற்றலாம். உள்ளே ஒரு பேட்டரி இருப்பதால், வெளியே உள்ள மற்றொன்றைக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாற்ற முடியும். டி480எஸ்இல் ராமின் ஒரு பகுதி மதர்போர்டு எனும் முதன்மைச் சுற்றுப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு, கூடுதலாகச் செருக ஓரிடம் மட்டும் விடப்பட்டிருக்கிறது. எக்ஸ்1 கார்பனில் அந்த ஓரிடமும் இல்லை. ஆக, மேல்விலை எடைக்குறைப்புக்குத்தான் போயிருக்கிறது. நாள்தோறும் தோளில் சுமப்பவருக்கு அது நியாயமான செலவே என்றாலும், அதை ஆயுளுக்கான செலவாகக் கணக்கெழுத முடியாது.

இதனால் மலிவானதே போதும் என்றாகிவிடாது. வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் குறைந்த விலைக் கணினிகள் பலவற்றில், கீலைத் தாங்கும் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளை மரைகளை மட்டுமே நம்பியிருக்கின்றன. கீல் இறுக இறுக, திரையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அம்மரைகள் சிறிது சிறிதாகப் பெயர்ந்து, ஒருநாள் ஓரம் பிளந்துவிடுகிறது. அலுவலகங்களுக்கென வடிவமைக்கப்பட்ட வரிசைக்குத் தாவும் அந்த முதல் படிக்குக் கொடுக்கும் பணம் வீணாவதில்லை என்பது என் கணிப்பு. அதற்கு மேல் உள்ள படிகளில்தான் ஐயம் எழுகிறது. ஆப்பிள் 2015 முதல் 2019 வரை தன் விலையுயர்ந்த மேக்புக்குகளில் பொருத்திய பட்டாம்பூச்சி விசைப்பலகை தூசிக்கே திணறியதும், 2018இல் அந்நிறுவனம் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவிக்க நேர்ந்ததும் இதற்குச் சான்று. (விளம்பரங்களில் காணப்படும் ராணுவத் தரச் சோதனை என்ற சொல்லையும் அளவோடு நம்பலாம்: எந்தெந்தச் சோதனைகளை நடத்துவது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கிறார்.)

டி480இலும் குறைகள் உண்டு. அடிப்படைத் திரைகள் மங்கலானவை. வெயில் படும் சன்னலோரத்தில் கண் சோர்ந்துவிடும். தண்டர்போல்ட் எனும் அதிவேக இணைப்பை இயக்கும் உள்மென்பொருளை (ஃபர்ம்வேர்) புதுப்பிக்காமல் விட்ட கணினிகளில் யுஎஸ்பி-சி துளை செயலிழக்கக்கூடும். இதில் சார்ஜ் ஏறுவதே யுஎஸ்பி-சி துளைகள் வழியாகத்தான் என்பதால் இது சிறிய குறையன்று. ஆகவே, மின்னணுப் பொருள் சந்தையான சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழையதாக வாங்குவோர், சார்ஜரைச் செருகி மின்னேற்றத்தைச் சோதித்த பிறகே விலை பேசுவது நல்லது. பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் முந்தைய டி470 இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதிலுள்ள செயலிகள் விண்டோஸ் 11 ஆதரிக்கும் செயலிகளின் பட்டியலில் இடம்பெறவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், லினக்ஸ் எனும் மாற்று இயங்குதளத்தை நிறுவிக்கொள்ள அணியமாக இருப்பவர்களுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.