ஆறன்முளா கண்ணாடி: ஓராண்டுப் புழக்கத்துக்குப் பின்

ஆறன்முளா கண்ணாடியில் கண்ணாடியே கிடையாது. அது செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, முகம் தெரியும்வரை தேய்த்தெடுத்த உலோகத் தகடு. கேரளத்தில் பம்பையாற்றின் கரையில், நம் வைணவர்கள் திருவாறன்விளை என்று வழங்கும் ஊரில், விசுவகர்மக் குடும்பங்கள் சில மட்டுமே இதைச் செய்துவருகின்றன. சென்ற ஆண்டு அங்குள்ள பட்டறை ஒன்றில், மூன்று அங்குல விட்டமும் பித்தளைக் கைப்பிடியும் உள்ள ஒன்றை ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து வாங்கினேன்.

கையில் எடுத்ததும் விரல் நுனியை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். வீட்டிலுள்ள கண்ணாடியில் ரசப்பூச்சு பின்புறம் இருப்பதால், விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். இதிலோ மேற்பரப்பே ஒளியைத் திருப்புவதால் விரலும் பிம்பமும் நுனியோடு நுனி ஒட்டி நிற்கின்றன. பிம்பம் கூர்மையாகத்தான் இருக்கிறது. ஆயினும் தினமும் தலைவாரிக்கொள்ள இதை வாங்குபவர் ஏமாந்துபோவார். மூன்று அங்குலத்தில் முகம் பாதிதான் அடங்கும்.

விற்பவர்கள் கலவை விகிதத்தைக் குலரகசியம் என்று சொல்லி வாடிக்கையாளரை மயக்குகிறார்கள். இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. உலோகவியலார் இதை ஆராய்ந்து, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம் என்று எழுதியே விட்டார்கள். கோயில் மணி வார்க்கும் வெண்கலத்தைவிட இது மிக அதிகம். அதனால்தான் உலோகம் வெள்ளிபோல் வெளுத்து, பளபளப்பைத் தாங்கும் அளவுக்குக் கடினமாகவும், கீழே விழுந்தால் பீங்கான்போல் உடையும் அளவுக்கு நொறுங்கும் தன்மையுடனும் அமைகிறது. விகிதம் தெரிந்தவர் எல்லோரும் கண்ணாடி செய்துவிட முடியாது என்பதைப் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் கண்டுகொள்ளலாம்.

அவ்வூர் வயல் மண்ணைக் குழைத்து இரண்டு வட்டத் தட்டுகளாக்கி, நடுவே மெல்லிய இடைவெளி விட்டு மூடி, உலோகத் துண்டுகள் அடங்கிய மண்குடுவையை அதனோடு சேர்த்து உலையில் வைக்கிறார்கள். உள்ளே உலோகம் உருகியதும் அச்சைத் தலைகீழாகத் திருப்பினால் குழம்பு இடைவெளிக்குள் இறங்குகிறது. ஆறிய பின் அச்சை உடைத்தால்தான் தகடு தேறியதா இல்லையா என்று தெரியும். நான் பார்த்த அன்று உடைத்த மூன்றில் ஒன்றில் ஊசித்துளைகள் இருந்ததால் அது மறுபடி உருக்கப் போய்விட்டது. தேறிய தகட்டை மரக்கட்டையில் ஒட்டி, சாக்குத்துணியிலும் கடைசியில் வெல்வெட்டிலும் நாள்கணக்காகத் தேய்க்கிறார்கள். நாம் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு இந்தத் தேய்ப்புக்கே போகிறது. ஆனால் தேய்த்தவர் பெயர் பெட்டியில் எங்கும் இல்லை. அதை ஒரு குறையாகவே சொல்வேன்.

வேறு குறைகளும் உண்டு. பித்தளைச் சட்டத்தில் தகட்டைப் பதித்த இடம் ஆறு மாதத்தில் லேசாக ஆட்டம் கண்டது. பராமரிப்புக் குறிப்புச் சீட்டில், விரல் படக்கூடாது என்பதைத் தவிர உருப்படியாக எதுவும் இல்லை. நான் ஈரத்துணியால் துடைத்து ஓரத்தில் மங்கலை வரவழைத்துக்கொண்டது அந்தச் சீட்டின் புண்ணியம்தான் (என் அவசரத்துக்கும் அதில் பங்கு உண்டு).

மங்கிய தகட்டை எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது, பட்டறையின் பெரியவர் அதைச் சட்டத்திலிருந்து கழற்றி, தாமே முக்கால் மணி நேரம் வெல்வெட்டில் தேய்த்துக் கொடுத்தார், பணம் வாங்கவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அவ்வூர்ப் பட்டறைகளில் நீர் புகுந்து அச்சுகளும் கருவிகளும் பாழானதைத் தேய்த்தபடியே சொன்னார்.

வாங்க விரும்புவோர் செங்கன்னூரில் ரயிலிறங்கி நேரே ஊருக்கே போய் வாங்குவது நல்லது. இந்தியாவில் முதன்முதலாகப் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் இது ஒன்று. ஆனாலும் வெளியூர்க் கடைகளில் பித்தளைச் சட்டத்துக்குள் சாதாரணக் கண்ணாடியைப் பதித்தும் இதே பெயரில் விற்கிறார்கள். அங்கே வாங்க நேர்ந்தால், விரல் நுனியை வைத்துப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். பார்த்த கையோடு மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்தும் விடுங்கள்.