விட்டத்து இடுக்கில் ஐந்து குளிர்காலம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "மர விட்டத்துக்கும் சீலிங் ஜிப்சம் போர்டுக்கும் நடுவுல காத்து வருது. உப்பி இறுகுற ஸ்ப்ரே ஃபோம் அடிச்சுடலாமா?" வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஐந்து குளிர்காலமாக அந்த இடுக்கோடு மல்லுக்கட்டியவன் அப்படி விட்டுவிடுவானா?

முதல் வருடம் பட்டி பார்த்தேன். விட்டமும் போர்டும் ஒட்டிப் பிறந்தவை போல வழுவழுவென்று இருந்தது. ஹீட்டர் போட்டு அறைக்காற்று உலர்ந்ததும் ஓரம் முழுக்கப் பிளந்துவிட்டது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. அகலத்தில்தான் ஈரத்துக்கு உப்பும், காய்ந்தால் ஒடுங்கும். போர்டு அந்த அளவுக்கு நகராது. இரண்டுக்கும் நடுவே விறைத்து நிற்கும் பட்டி வேறென்ன செய்யும்? காற்றில் ஈரம் ஏறியபோது அந்தப் பிளவு தானாகவே மூடிக்கொண்டது, நான்தான் ஏதோ கனவு கண்டது போல.

இரண்டாவது வருடம் ஸ்ப்ரே ஃபோம். கொஞ்சம்தான் அடித்தேன், அது இடுக்கை விட்டுப் பிதுங்கித் தொங்கியது. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அசிட்டோனுக்குப் போகும், இறுகிவிட்டால் கத்திதான். ஒரு விட்டத்தில் அந்தக் கறை இன்றும் இருக்கிறது. விரலில் ஒட்டியது தோலோடு உரிந்தபிறகுதான் போனது.

மூன்றாவது முயற்சிதான் இன்றுவரை நிற்பது: பேக்கர் ராட் எனும் நுரைக் கயிறு, அதன்மேல் இடுக்கை அடைக்கும் பசையான சீலன்ட். இடுக்கு 8 மி.மீ., கயிறு 10 மி.மீ. கயிறு இடுக்கை விடச் சற்றுத் தடிமனாக இருந்தால்தான் அமுங்கி நிற்கும். மேலே 4 மி.மீ. ஆழத்துக்குச் சீலன்ட். அது கயிற்றில் ஒட்டாமல் மரத்தையும் போர்டையும் மட்டும் பிடித்துக்கொள்வதால், விட்டம் ஒடுங்கும்போது ரப்பர் போல இழுபடுகிறது. மூன்று குளிர்காலம் ஆயிற்று, ஓரிடத்திலும் விடவில்லை. ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தால் புகை நேராக ஏறுகிறது.

நான் எதிர்பாராதது இரண்டு. மேல்தளப் பரணிலிருந்து படுக்கையில் உதிர்ந்துகொண்டிருந்த தூசி நின்றது. பரண் ஆணிகளில் குளிர்கால விடியலில் கோத்திருந்த நீர்த்துளிகளும் காணோம். அறையின் ஈரக்காற்று இடுக்கு வழியாக மேலே போய்க் குளிர்ந்த இரும்பில் படிந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

இனி வயிற்றெரிச்சல். சீலன்ட் குழாயில் 'பெயின்ட் அடிக்கலாம்' என்று போட்டிருக்கிறது. அடிக்கலாம்தான், யார் வேண்டாமென்றது? சீலன்ட் இழுபடும், மேலுள்ள பெயின்ட் இழுபடாது. ஒவ்வொரு வருடமும் வறண்ட குளத்தின் வண்டல் போலப் பாளம் பாளமாக மயிரிழை வெடிப்பு. இரண்டு முறை சுரண்டி மறுபடி அடித்தேன், ஏணியில் நின்று அண்ணாந்து கழுத்து போனதுதான் மிச்சம். மல்லாந்து படுத்தால் கண் வேறெங்கும் போவதில்லை. மரத்தின் நிறத்திலேயே சீலன்ட் வாங்கி, பெயின்டே அடிக்காமல் விட்டிருக்க வேண்டும்.

நண்பருக்கு என் பதில்: கயிறு, சீலன்ட், விளிம்பு நேராக வர மாஸ்கிங் டேப். டேப்பை சீலன்ட் காயும்முன் உரித்துவிடுங்கள். போர்டில் பதித்த விளக்கு இருந்தால் அதைச் சுற்றி எதையும் திணிக்காதீர்கள், சூடு வெளியேற வேண்டும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. காற்று துளியும் வரவில்லை, தூசி இல்லை, ஈரம் இல்லை, ஆனாலும் இரண்டுதான். இன்று காலையும் அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டேதான் கண்விழித்தேன்.