ருஃபிஜி சஃபாரி: ஏப்ரலில் மலிவாகக் கிடைத்தால் உஷார்

தான்சானியாவில், தார் எஸ் சலாமில் வேலை பார்க்கிறேன். போன ஏப்ரலில் அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். அம்மாவுக்குச் சிங்கத்தை நேரில் பார்க்க ஆசை. செரெங்கெட்டி தூரம், செலவும் கட்டாது. தெற்கே ருஃபிஜி ஆற்றங்கரையில் நியெரெரே தேசியப் பூங்கா இருக்கிறது. பழைய செலூஸ் வனவிலங்குக் காப்பகத்திலிருந்து பிரித்து 2019இல் அறிவித்தார்கள். பரப்பு 30,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். வண்டியில் சுற்றுவதோடு, படகில் போய் நீர்யானையையும் முதலையையும் பார்க்கலாம் என்பதுதான் அங்கே விசேஷம்.

அலுவலகத்தில் ஒருவர் ஏஜெண்ட் ஒருவனின் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்தார். 3 நாள், 2 இரவு, பூங்காவுக்குள்ளேயே ஆற்றைப் பார்த்த கூடாரம், கூரை திறக்கும் லேண்ட் க்ரூசர், ஒரு படகு சவாரி. நாலு பேருக்கு 1,800 டாலர். விசாரித்த மற்ற யாரும் 2,500க்குக் கீழே இறங்கவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "சீசன் இல்லை, அதனால் தள்ளுபடி" என்றான். பொய் இல்லை, பாதி உண்மை. மார்ச்சிலிருந்து மே வரை இங்கே 'மசிகா', பெருமழைக் காலம். ஏப்ரல், மே மாதங்களில் பூங்காவுக்குள் இருக்கும் முகாம்கள் பலவற்றைப் பூட்டிவிடுவார்கள். அந்த மீதிப் பாதியை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாதிப் பணத்தை எம்-பெசாவில், அதாவது ஃபோன் வழியாகப் பணம் அனுப்பும் சேவையில் அனுப்பினேன். திரையில் வந்தது கம்பெனி பெயர் அல்ல, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அப்படியும் அனுப்பினேன்.

விடிகாலையில் வாசலுக்கு வந்து நின்றது டொயோட்டா நோவா வேன். லேண்ட் க்ரூசர் வழியில் காத்திருக்கிறதாம். கிபிதி வரை தார் ரோடு, பிரச்சினை இல்லை. அங்கிருந்து ம்லோகா கிராமத்துக்கு மண் ரோடு. பாதி வழியில் வேன் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. அப்பா இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "ஏலே, இது நம்ம ஊர்க் கரிசல்லே. மழை பெஞ்சா மாட்டு வண்டியே போவாது, இதுல வேனைக் கொண்டாந்திருக்கான்." டிரைவர் "போலே சானா" என்றார், உங்க கஷ்டத்துக்கு ரொம்ப வருத்தப்படுறேன் என்று அர்த்தம். 'போலே போலே' என்று இரட்டித்தால் மெதுவாக என்று அர்த்தம். அன்றைக்கு இரண்டுமே நிறையக் கிடைத்தது. ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் தள்ளி வண்டியை எடுத்துவிட்டார்கள்.

கூடாரம் பூங்காவுக்குள் இல்லை. ம்லோகா ஓரமாக, கேட்டுக்கு வெளியே. சரி, படுக்கத்தானே என்று விட்டேன். இதில்தான் பெரிய அடி. வெளியே தங்கினால் ஒவ்வொரு முறை உள்ளே போவதற்கும் கட்டணம் புதிதாகக் கட்ட வேண்டும். மறுநாள் காலை பூங்காவின் ம்டெமெரே கேட்டில் டிரைவர் கையிலிருந்த ரசீதை வாங்கிப் பார்த்தேன். இங்கே பூங்காக் கட்டணத்தைக் கையில் காசாக வாங்குவதில்லை. அரசு தரும் கன்ட்ரோல் எண்ணுக்குக் கட்டி ரசீது வாங்க வேண்டும். அதில் ஒரே ஒரு நுழைவு. எனக்கும் மனைவிக்கும் குடியிருப்போருக்கான குறைந்த கட்டணம். எங்களிடம் வாங்கியதோ வெளிநாட்டுப் பயணிக்கான முழுக் கட்டணம், அதுவும் இரண்டு நாளுக்கு. மூன்றாம் நாள் என்ன என்று கேட்டால், "கிராமத்தைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்றார் டிரைவர். நேற்று வண்டியைத் தள்ளிய கிராமம்தான்.

லேண்ட் க்ரூசர் கடைசி வரை வரவில்லை. கேட்டில் வாடகைக்கு ஒரு பழைய ஜீப் பிடித்தோம், காசு என்னுடையது. புல் ஆளுயரம். ஒட்டகச்சிவிங்கி தலை தெரிந்தது, இம்பாலா மான்கள் தெரிந்தன, சிங்கம் இல்லை. ஆற்றங்கரையில் பனை மரங்கள், நம்ம ஊர்ப் பனைக்குச் சொந்தம்தான், நடுமரம் மட்டும் தொப்பை போட்டிருக்கும். அப்பா அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு செந்தண்ணீராகப் பெருகி, கரை இடிந்து போய்க்கொண்டிருந்தது. படகுக்காரர் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த மூன்று நாளில் எங்களிடம் நேர்மையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

திரும்பி வந்து ஏஜெண்டிடம் கேட்டேன். "மழைக்கு நான் என்ன செய்ய?" என்றான். மழை இருக்கட்டும், இந்த ரசீதுக்கு என்ன பதில் என்று அதன் படத்தை அனுப்பினேன். 150 டாலர் வந்தது, அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். சுற்றுலா ஏஜெண்டுகளுக்கு இங்கே 'டாலா' உரிமம் வேண்டும். அந்த எண்ணை முதல் நாளே கேட்டிருக்கலாம். உரிமத்தில் இருக்கும் பெயரும் பணம் போகும் பெயரும் ஒன்றுதானா என்று பார்த்திருக்கலாம்.

இந்த ஏப்ரலுக்கு யாராவது முன்பணம் கட்டியிருந்தால், இன்றைக்கே அந்த முகாமுக்கு நேராக ஃபோன் போட்டு, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். என் ஏஜெண்ட் படம் அனுப்பிய முகாமுக்கு நான் ஊர் திரும்பிய பிறகுதான் ஃபோன் போட்டேன். மார்ச் கடைசியிலேயே மூடிவிட்டார்களாம்.