கால்சியம் அசிடேட்டா, செவெலமரா?

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய புதிதில் ரத்தப் பரிசோதனைத் தாளில் நாங்கள் பார்த்ததெல்லாம் கிரியாட்டினின் மட்டும்தான். பாஸ்பரஸ் 7-ஐத் தாண்டி, இரவெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டு அவர் தூங்காமல் கிடந்தபோதுதான் அந்த வரியும் கண்ணில் பட்டது. இயல்பு அளவு 2.5 முதல் 4.5 வரை.

டயாலிசிஸ்தான் செய்கிறோமே, பிறகு ஏன் ஏறுகிறது? கணக்கு எளிது. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றில் ஏறக்குறைய 800 முதல் 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ் வெளியேறும். வாரம் மூன்று முறை என்றாலும் 3000-க்குள்தான். சாப்பாட்டிலிருந்து உடம்பு உறிஞ்சுவதோ வாரத்துக்கு 4000-க்கு மேல் போய்விடும். வாரம் இரண்டு முறை மட்டும் செய்பவர்களுக்கு இடைவெளி இன்னும் பெரிது. அந்த மிச்சத்தைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பத்தான் பைண்டர் மாத்திரைகள்.

அவற்றில் விலை குறைந்தது கால்சியம் அசிடேட். நன்றாகவே பிடிக்கும். ஆனால் 667 மில்லிகிராம் மாத்திரை ஒவ்வொன்றிலும் 169 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. நாளுக்கு ஒன்பது போட்டால் 1500-ஐத் தாண்டிவிடும். அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதி ரத்தக் குழாய்ச் சுவரில் படியலாம் என்பதுதான் பயம். சிறுநீரக நோய்க்கான சர்வதேச அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ. 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கால்சியம் பைண்டர்களின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. இன்னொரு கால்சியம் பைண்டரான கால்சியம் கார்பனேட்டுக்கு வயிற்று அமிலமும் தேவை. அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல் மாத்திரையைத் தினமும் போடுபவர்களுக்கு அது சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

இன்னொரு பைண்டரான செவெலமரில் கால்சியம் கிடையாது, அது ரத்தத்தில் கலப்பதும் இல்லை. கெட்ட கொழுப்பையும் குறைக்கும். ஆனால் விலை அதிகம், மாத்திரையும் பெரிது. மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும், அதுவும் வேளைக்கு இரண்டு, மூன்று. மலச்சிக்கல்தான் பெரிய தொல்லை. தண்ணீரை அளந்து குடிப்பவர்களிடம் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்லவும் முடியாது.

இவ்வளவு விலை கொடுத்தால் ஆயுள் கூடுமா? அமெரிக்காவில் 2103 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட டிகோர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. மொத்த இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது கால்சியம் இல்லாதவற்றின் பக்கம் தட்டு கொஞ்சம் சாய்ந்தது.

லாந்தனம் என்ற பைண்டரில் மாத்திரை எண்ணிக்கை குறைவு, ஆனால் நன்றாக மென்று தின்ன வேண்டும். பல் போனவர்களுக்குச் சிரமம். அலுமினியம் பழைய பைண்டர். மூளையையும் எலும்பையும் பாதித்ததால் கைவிட்டார்கள். நெஞ்செரிச்சல் சிரப்புகள் சிலவற்றில் அது இன்னமும் இருக்கிறது, கடையில் கேட்காமல் வாங்காதீர்கள்.

என் பார்வையில், ரத்தத்தில் கால்சியம் கூடாமல், குழாய்களில் படிவும் இல்லாமல் இருந்தால் குறைந்த அளவு கால்சியம் அசிடேட்டில் தொடங்குவதில் தப்பில்லை. கால்சியம் 10-ஐத் தாண்டினாலோ, எக்ஸ்ரேயில் படிவு தெரிந்தாலோ, கடன் வாங்கியாவது செவெலமருக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டில் எல்லாப் பாஸ்பரஸும் ஒன்றல்ல. பருப்பில் இருப்பதில் பாதியளவுதான் உடம்பில் சேரும். கோலா, பதப்படுத்திய இறைச்சி, சீஸ் ஆகியவற்றில் சேர்க்கிற பாஸ்பேட் உப்பு கிட்டத்தட்ட முழுதும் சேர்ந்துவிடும். சாம்பாரை நிறுத்துவதற்கு முன்னால் அவற்றை நிறுத்துங்கள்.

அப்புறம், நாங்கள் செய்த தவறு. மற்ற மாத்திரைகளோடு சேர்த்து, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து பைண்டரையும் கொடுத்துக்கொண்டிருந்தோம். பிடிக்க வேண்டிய உணவு அதற்குள் இறங்கியிருக்கும். அதே மாத்திரையைச் சாப்பாட்டுக்கு நடுவில் கொடுக்க ஆரம்பித்ததும் அடுத்த மாதப் பரிசோதனையில் 5.6 வந்தது. இப்போது மாத்திரை அட்டை, முன்பு ஊறுகாய் பாட்டில் இருந்த இடத்தில், சாப்பாட்டு மேசையிலேயே இருக்கிறது. ஊறுகாய் பாட்டில்தான் அங்கே இல்லை.